கோழி குந்தியே இருக்கிறது, வெள்ளையாகக் கழிகிறது: வெள்ளைக்கழிச்சல்தானா?

செம்மண்கொல்லை | சனி, காலை 6.10

வணக்கம். சிறுவிடை வகை நாட்டுக்கோழி, வயது 14 மாதம். நேற்று மதியத்திலிருந்து மேயப் போகவில்லை. இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி ஒரே இடத்தில் குந்தியிருக்கிறது. கம்பு போட்டால் கிட்ட வந்து பார்க்கிறது, கொத்துவதில்லை. தண்ணீர் மட்டும் இரண்டு மூன்று வாய். எச்சம் வெள்ளைத் தண்ணியாக, நடுவில் கொஞ்சம் பச்சை.

கூட்டில் மொத்தம் 4 கோழி, 1 சேவல். மற்றதெல்லாம் நன்றாக மேய்கின்றன. தீவனம்: நொய், கம்பு, மிச்சச் சோறு, பிறகு கொல்லை மேய்ச்சல். பிப்ரவரி முகாமில் எல்லாவற்றுக்கும் இறக்கையில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லி, மிச்சத்தை உடனே விற்றுவிடச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

பஞ்சாரம் | காலை 6.35

கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எதையும் விற்கவும் வேண்டாம். அது வெள்ளைக்கழிச்சலாகவே இருந்தால் விற்கும் கோழியோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகும்.

குந்துவது, இறகை உப்புவது, கண்ணை மூடுவது: இந்த மூன்றை மட்டும் வைத்து எந்த நோயையும் சொல்ல முடியாது. இரை அடைத்தாலும், முட்டை சிக்கினாலும், புழு மிகுந்தாலும், கழிச்சல் கண்டாலும் கோழி இப்படித்தான் உட்காரும். உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அது செய்யும் வேலை அது. கையில் தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் தனியாகப் பிரியுங்கள். பெரிய அட்டைப்பெட்டி போதும். அடியில் வைக்கோல் வேண்டாம், பழைய செய்தித்தாள் விரியுங்கள். எத்தனை முறை கழிந்தது, என்ன நிறம், எவ்வளவு என்று தாளில்தான் தெளிவாகத் தெரியும். தாளை மாற்றும்போது நேரத்தை எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அறை குளிர்ச்சியாக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு. சூடு அதிகமானால் கோழி எதிர்மூலைக்கு நகர இடம் வேண்டும். அறையே 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பல்பு தேவையில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம் என்று பொருள். நல்ல கோழிகளுக்குத் தீனி, தண்ணீர் வைத்து முடித்த பிறகு கடைசியாக இதைத் தொடுங்கள். தொட்ட கையோடும் செருப்போடும் கூட்டுக்குப் போகாதீர்கள்.

இப்போதே, இரை போடும் முன், இதைப் பாருங்கள்.

கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கம் இரைப்பை இருக்கும். விடியற்காலையில் அது வற்றியிருக்க வேண்டும். பிசைந்த மாவு உருண்டை போலக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று, வாயில் புளித்த வாடையோடு இருந்தால் உள்ளே நொதித்திருக்கிறது. அடுத்து நெஞ்செலும்பு. இருபுறமும் சதை இருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தி முனை போலத் துருத்தினால் பல வாரமாக உள்ளுக்குள் ஏதோ தின்றுகொண்டிருக்கிறது, நேற்று தொடங்கியதல்ல. வாயைத் திறந்து நாக்கு, அண்ணம்: மஞ்சள் படிவு, கொழகொழ சளி உண்டா? நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் எச்சக்குழிக்கும் நடுவே அடிவயிறு: மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா, தண்ணீர் நிறைந்தது போலவா? எச்சக்குழியைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள்: பேன், பேன் முட்டைக் கொத்து உண்டா? உள்ளங்காலில் கறுப்பு ஆணி. கடைசியாக, இது கடைசியாக முட்டை வைத்தது எந்த நாள்?

கொண்டைச்சேவல் | காலை 7.05

வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறது என்றால் எனக்கு வெள்ளைக்கழிச்சல் சந்தேகம்தான். முகாம் ஊசி போட்டாலும், மருந்து வரும் வழியில் ஐஸ் உருகியிருந்தால் பலன் இருக்காது. போடும் நாளில் கோழி சளியோடோ நிறையப் புழுவோடோ இருந்தாலும் எதிர்ப்புச் சக்தி சரியாக உண்டாகாது. கழுத்து திருகுகிறதா, இறக்கை தொங்குகிறதா, மூச்சில் கொர்கொர் சத்தம் உண்டா பாருங்கள். இதற்கிடையில் மிளகு, சீரகம், கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருண்டை கொடுக்கலாம்.

மருந்துப்பெட்டி | காலை 7.30

கொண்டைச்சேவல் சொல்வதில் ஐஸ் விஷயம் முழு உண்மை. தடுப்பூசி மருந்து குளிரிலேயே வந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிய வேண்டும். ஆனால் எச்சத்தின் நிறத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது சிறுநீரகம் வெளியேற்றும் உப்பு. இரை உள்ளே போகாதபோது மலம் குறைந்து இந்த வெள்ளை மட்டுமே விழும். அதில் கலக்கும் பச்சை பித்தநீர். அதாவது ஒரு நாள் பட்டினி கிடந்த எந்தக் கோழியும் வெள்ளையும் பச்சையுமாகத்தான் கழியும். "தின்னவில்லை" என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் தின்னவில்லை என்பதை அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை பழுப்பாக, களி போல, கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். அது குடல்வாலில் இருந்து வருவது, இயல்பானது. அதைப் பார்த்துக் கழிச்சல் என்று மருந்து கொடுப்பவர்கள் நிறைய.

வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், ஒரு கோழியோடு நிற்பது அரிது. ஊசி படாத கூட்டமாக இருந்தால் ஓரிரு நாளில் இரண்டாவது, மூன்றாவது படுக்கும். அதனால் மற்ற நான்கையும் காலை மாலை எண்ணிப் பாருங்கள். உருண்டை கொடுப்பதில் கெடுதல் இல்லை, பசியைத் தூண்டும். ஆனால் அந்த வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை, நாட்டு மருந்திலும் இல்லை, ஆங்கில மருந்திலும் இல்லை. விழுங்கவே தெம்பில்லாத கோழிக்கு உருண்டையைத் திணித்தால் தொண்டையில் நிற்கும். வயிற்றைப் பார்க்கும் வரை பொறுக்கலாம்.

செம்மண்கொல்லை | காலை 8.20

பார்த்தேன். இரைப்பை வற்றியிருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் மட்டும். நெஞ்சில் சதை நன்றாக இருக்கிறது. வாய் சுத்தம், சளி இல்லை, மூச்சில் சத்தம் இல்லை. கழுத்து நேராக இருக்கிறது. கொண்டை சிவப்பு கொஞ்சம் மங்கல். பேன் இரண்டு மூன்று, அதிகமில்லை. உள்ளங்கால் சுத்தம்.

அடிவயிறு கெட்டியாக, கீழே இறங்கினாற்போல் இருக்கிறது. எச்சக்குழி ஈரமாக விரிந்திருக்கிறது. பெட்டியில் விட்டு அரைமணி நேரம் பார்த்ததில் வாலை மேலும் கீழும் ஆட்டி முக்குகிறது, வெள்ளைத் தண்ணீர்தான் கொஞ்சம் வருகிறது. நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி நிற்கிறது. கடைசி முட்டை புதன்கிழமை. அதற்கு முந்தைய இரண்டும் தோல் மெலிந்து, எடுக்கும்போதே விரலில் அமுங்கின. எச்சக்குழியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்ததில் 41 டிகிரி செல்சியஸ். காய்ச்சலா?

பஞ்சாரம் | காலை 8.35

காய்ச்சல் இல்லை. கோழிக்கு 40.6 முதல் 41.7 வரை இயல்பு.

மெலிந்த தோல் முட்டை, பிறகு மூன்று நாள் முட்டையே இல்லை, இப்போது முக்கல். முட்டை சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மெல்லிய ரப்பர் கையுறை, சுண்டுவிரல் அல்லது ஆள்காட்டி விரலில் தேங்காய் எண்ணெய். ஒருவர் கோழியை இறக்கையோடு அணைத்துப் பிடிக்கட்டும், நெஞ்சை அழுத்தக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே மூச்சுமுட்டிச் செத்த கோழிகள் உண்டு.

விரலை நேராக உள்ளே, சற்று கோழியின் இடப்பக்கமாக, இரண்டு அங்குலம் வரை மெதுவாக. கோழிக்கு இடப்பக்க முட்டைக்குழாய் மட்டுமே வேலை செய்யும். கெட்டியாக வழவழவென்று தட்டுப்பட்டால் தோடுள்ள முட்டை. தண்ணீர் நிரப்பிய தோல்பை போல அமுங்கினால் தோடில்லாத் தோல்முட்டை. எதுவுமே தட்டுப்படாமல் வெளியே வயிறு மட்டும் தண்ணீர்ப்பை போலத் தொங்கினால் வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறது, அல்லது மஞ்சள் கரு குழாயில் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கிறது. அது வேறு கதை, வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

எச்சக்குழியின் இருபுறமும் கூராக இரண்டு எலும்பு முனை தெரியும். அவற்றுக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்றும் சொல்லுங்கள். முட்டையிடும் கோழிக்கு இரண்டு விரலாவது நுழையும்.

செம்மண்கொல்லை | காலை 9.15

இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது அண்ணா. உள்ளே ஒரு விரல் கணு ஆழத்துக்குமேல் போனதும் அமுங்குகிற பை போலத் தட்டுப்படுகிறது. அழுத்தினால் பின்னால் நகர்கிறது. ரத்தம் எதுவும் இல்லை. ஊசியால் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டால் தானாக வந்துவிடும் என்கிறார்கள்.

மருந்துப்பெட்டி | காலை 9.30

குத்த வேண்டாம். தயவுசெய்து யாரும் குத்தாதீர்கள். தோடுள்ள முட்டையை உள்ளே உடைத்தால் துண்டுகள் குழாயைக் கிழிக்கும். தோல்முட்டையைக் குத்தினால் கரு உள்ளே சிந்தி, அதில் கிருமி பெருகும். அடிவயிற்றைப் பிதுக்குவதும் கூடாது. உறை கிழிந்து குழாயே வெளியே தள்ளிவிடும்.

ஏன் சிக்குகிறது என்று தெரிந்தால் என்ன செய்வதென்று தெரியும். முட்டையை வெளியே தள்ளுவது குழாயின் தசை. அந்தத் தசை சுருங்குவதற்கே ரத்தத்தில் கால்சியம் வேண்டும். கால்சியம் போதாத கோழிக்கு இரண்டு கெடுதலும் சேர்ந்து வரும்: தோடும் உருவாகாது, தள்ளவும் தெம்பிருக்காது. அதோடு கெட்டி முட்டையைத் தசை கவ்விப் பிடித்துத் தள்ளலாம், அமுங்குகிற பையைப் பிடிக்க முடியாது. அதனால்தான் தோல்முட்டை கெட்டி முட்டையைவிட அதிக நேரம் தங்கும்.

செய்ய வேண்டியது இது. 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரை ஒன்று, வைட்டமின் டி3 சேர்ந்ததாக இருந்தால் நல்லது. நைசாகப் பொடித்து 5 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் பக்கவாட்டில் ஒரு தடவைக்கு அரை மில்லி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. நாக்குக்குப் பின்னால், அதன் அடிப்பகுதியில் நடுவில் தெரியும் பிளவு மூச்சுக்குழாய் வாய். நேராகப் பீய்ச்சினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், அதற்கு அப்புறம் மருந்தில்லை. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும்.

பிறகு வெந்நீர்க் குளியல். அகன்ற வாளியில் அடிவயிறும் எச்சக்குழியும் மூழ்கும் அளவு தண்ணீர், 38 முதல் 40 டிகிரி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. ஒரு கைப்பிடி இந்துப்பு போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை, சூடுதான் மருந்து. இருபது நிமிடம், ஆறினால் வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் கோழி அதிலேயே தூங்கி வழியும், பயப்பட வேண்டாம். தலையில் தண்ணீர் படக் கூடாது. எடுத்துத் துண்டால் ஒற்றி, நன்றாக உலர்த்தி, எச்சக்குழிக்கு உள்ளே 2 மில்லி தேங்காய் எண்ணெய் சிரிஞ்சால் விட்டு, இருட்டான, சத்தமில்லாத பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு விட்டால் இவ்வளவு நேரம் சேர்த்த சூடெல்லாம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து திறந்து பார்க்காதீர்கள். கோழி ஒளிந்துகொண்டால்தான் முட்டையிடும். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி குளியல்.

இன்று மாலைக்குள் வராவிட்டால், அல்லது தலை தொங்கினால், மூச்சிரைத்தால், கால் இழுத்தால், அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஊசி, தேவைப்பட்டால் ஆக்சிடோசின் அவர்கள் பார்த்துப் போடுவார்கள். ஆக்சிடோசினை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. வழி திறக்காத நிலையில் தசை முறுக்கினால் குழாய் கிழியும்.

கொண்டைச்சேவல் | காலை 10.05

நான் சொன்னது தவறாகப் போனதில் நிம்மதி. ஒரு கேள்வி. விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்தால் வழுக்கி வந்துவிடும் என்பார்களே, அதில் ஏதாவது உண்டா?

பஞ்சாரம் | காலை 10.20

இல்லை. வாயில் விட்ட எண்ணெய் குடல் வழியாகப் போகிறது. முட்டை வருவது முட்டைக்குழாய் வழியாக. இரண்டும் சேருவது எச்சக்குழிக்குச் சற்று முன்னால் மட்டும்தான். குடித்த எண்ணெய் முட்டையைத் தொடவே தொடாது, கழிச்சலைக் கூட்டி உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் வெளியேற்றும். எண்ணெய் வேண்டிய இடம் பின்னால்தான்.

தண்ணீர்ச் சத்துக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, டீஸ்பூன் தலை தட்டினதாக இருக்க வேண்டும். இதைப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்திலும், வெறும் தண்ணீரை இன்னொன்றிலும் வையுங்கள். இன்று ஒரு நாளைக்கு மட்டும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு நாளுக்கு 75 மில்லியாவது உள்ளே போக வேண்டும். தானாகக் குடிக்கிறது என்பதால் இப்போதைக்குப் புகட்டத் தேவையில்லை.

செம்மண்கொல்லை | மாலை 5.10

இரண்டாவது குளியல் முடிந்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. தோடே இல்லாத தோல், பாதி உடைந்து மஞ்சளோடு. உடனே எழுந்து தண்ணீர் குடித்தது. ஒரு பெரிய எச்சம் போட்டது, நல்ல நிறம். அரைக் கைப்பிடி கம்பு தின்றிருக்கிறது. இனிமேல் அந்த என்ரோஃப்ளாக்சசின் கொடுத்துக் காயம் ஆற்றலாமா அக்கா?

மருந்துப்பெட்டி | மாலை 5.40

நல்ல சேதி. முதலில் வந்த தோலை ஒரு தட்டில் தண்ணீர் விட்டு விரித்துப் பாருங்கள். பை முழுதாக இருக்கிறதா, பாதி இன்னும் உள்ளேயா? குறைந்தால் இரவு படுக்கும் முன் இன்னொரு குளியல், மிச்சம் நாளைக்குள் வந்துவிடும். எச்சக்குழியிலிருந்து சிவப்பாகச் சதை தள்ளியிருக்கிறதா என்று நாளை வரை கவனியுங்கள். தள்ளியிருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, தேன் அல்லது சர்க்கரைப் பாகு தடவுங்கள், வீக்கம் வற்றும். எண்ணெய் தொட்ட விரலால் மெல்ல உள்ளே தள்ளி, மற்ற கோழிகள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலையே உருவிவிடும்.

ஆன்டிபயாடிக்: இப்போது தேவை என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. நாற்றமுள்ள மஞ்சள் ஒழுக்கு, 42 டிகிரிக்கு மேல் சூடு, மறுபடி இரை எடுக்காமை: இதில் ஒன்று வந்தால் மருத்துவரிடம் காட்டி, எடை சொல்லி, அவர் தரும் மருந்தை அவர் சொன்ன நாள் முழுதும் கொடுங்கள். கடைச் சொட்டு மருந்தை இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவதுதான் மிகக் கெட்டது. முட்டையிடும் கோழிக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் மருந்து முட்டைக்குள் இறங்கும், வீட்டுக் குழந்தைதான் அதைத் தின்னும். அமெரிக்காவில் 2005லேயே கோழிகளுக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 2019ல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மனிதனுக்கு இன்றியமையாத மருந்துகளைக் கோழிப் பெட்டியில் வீணாக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

ஒரு வாரம் முட்டைக்கு ஓய்வு கொடுக்க முடிந்தால் குழாய் ஆறும். நாளுக்கு 8 மணி நேரம் மட்டும் வெளிச்சம் படும்படி வையுங்கள், முட்டையிடுவது தானாகக் குறையும். கால்சியம் மாத்திரை இன்னும் மூன்று நாள், பிறகு தீவனத்தில் சரி செய்ய வேண்டும்.

மாடிக்கூண்டு | இரவு 8.15

இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். 5 வாரக் குஞ்சுகள் 12. மூன்று நாளாக மழை, தரை உமி நனைந்துவிட்டது. இன்று இரண்டு குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டு ஒடுங்கி நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம். வைட்டமின் டானிக் கலந்து வைத்திருக்கிறேன். சரியா?

பஞ்சாரம் | இரவு 8.30

டானிக்கை இப்போதே கொட்டுங்கள். இது ரத்தக்கழிச்சல். காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, குடல்வாலைப் புண்ணாக்குகிறது. 3 முதல் 8 வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்கும். எச்சத்தில் வரும் அதன் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். உமி நனைந்ததும் குஞ்சு படுத்ததும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விஷயங்கள் அல்ல.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம். எல்லாக் குஞ்சுக்கும், 5 நாள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. அதன் பிறகு 0.3 கிராம் வீதம் ஒரு வாரம். சமையல் தராசில் இந்த அளவு நிற்காது. நகைக்கடைக் குட்டித் தராசு, இல்லாவிட்டால் 5 லிட்டருக்கு 6 கிராம் என்று மொத்தமாகக் கலந்துகொள்ளுங்கள். படுத்துவிட்ட இரண்டும் தானாகக் குடிக்காது, அதே தண்ணீரை மணிக்கு ஒருமுறை அரை அரை மில்லியாகப் புகட்டுங்கள்.

டானிக்கை ஏன் கொட்டச் சொன்னேன் என்றால், ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே வைட்டமின் பி1 போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போட்டுத்தான். கூடவே நிஜமான பி1 கொடுத்தால் மருந்து பலிக்காது. பி காம்ப்ளெக்ஸ் எல்லாம் மருந்து முடிந்த பிறகு. நனைந்த உமியை இன்றிரவே வாரி வெளியேற்றி, 2 அங்குலம் காய்ந்த உமி போடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், அதைச் சுற்றித்தான் எப்போதும் ஈரம் சேரும்.

கொண்டைச்சேவல் | ஞாயிறு, காலை 6.50

இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காகக் கழுத்து பற்றியும் எழுதிவிடுங்கள். திருகினால் ஒன்று, தொங்கினால் ஒன்று என்பார்கள்.

மருந்துப்பெட்டி | காலை 7.20

ஆமாம், இரண்டும் முற்றிலும் வேறு. கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ போனால் நரம்பு பாதிப்பு: வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழிக்கு வரும், வைட்டமின் குறைவாலும் வரும். வைட்டமின் குறைவென்றால் பி1, ஈ கொடுத்தால் சில நாளில் மாற்றம் தெரியும். கழுத்து துவண்டு, தரையில் கிடந்து, இறகைத் தொட்டால் உதிர்ந்தால் அழுகியதைத் தின்றிருக்கிறது. செத்த எலியிலோ குப்பையிலோ நெளியும் புழுவைக் கொத்தினால் அதிலுள்ள நஞ்சு நரம்பைச் செயலிழக்க வைக்கும். கூட்டைச் சுற்றி 50 அடிக்கு எங்கே பிணம் கிடக்கிறது என்று தேடி முதலில் அதைப் புதையுங்கள். வாயில் நுரை, உடம்பில் நடுக்கம், எச்சிலொழுக்கு என்றால் பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்தால், வயதும் 3 முதல் 5 மாதம் என்றால், மாரெக் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, பொரித்த அன்றே போடும் ஊசி மட்டுமே உண்டு.

அடைக்கு உட்காரும் கோழியையும் நோயாளி என்று நினைப்பவர்கள் உண்டு. அடைக்கோழியும் குந்தியிருக்கும், மெலியும், நாளுக்கு ஒருமுறை பெரிய நாற்ற எச்சம் போடும். ஆனால் கை நீட்டினால் சீறிக் கொத்தும், கண் விரிய விழித்திருக்கும். நோய்க்கோழி கொத்தாது. இந்த ஒரு சோதனை போதும்.

பஞ்சாரம் | காலை 7.45

இன்னொன்று. இரண்டு நாளில் மூன்று நான்கு செத்தால் வீட்டில் ஆராயாதீர்கள். கொண்டையும் தாடியும் ஊதா நிறமாகி வீங்கி, கூட்டம் கூட்டமாகத் திடீரென்று செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் அது முதலில் 2006ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் வந்தது. அறுக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், வெறும் கையால் தொட வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள், மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அவர்கள் தெரிவிப்பார்கள். ஒன்றிரண்டு செத்துக் காரணம் தெரிய வேண்டுமென்றால் சடலத்தை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். உறைபெட்டியில் கல்லாக உறைய வைத்தால் திசு உடைந்து பரிசோதனைக்கு உதவாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே கொடுப்பது எளிது.

செம்மண்கொல்லை | காலை 8.30

மிச்சத் தோலும் இரவு வந்துவிட்டது. சதை தள்ளவில்லை. காலையில் கொக்கரித்தது, சூடு 40.9. மற்ற நான்கும் நலம். இனி கால்சியத்துக்கு என்ன கொடுப்பது? கேழ்வரகில் நிறையக் கால்சியம் என்கிறார்கள், கம்புக்குப் பதில் அதைப் போட்டால் போதுமா?

பஞ்சாரம் | காலை 9.00

போதாது. கணக்குப் பார்த்தால் தெரியும். ஒரு முட்டைத் தோட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம். ஒரு தோட்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 600 கிராம் கேழ்வரகு தேவை. சிறுவிடை நாளுக்குத் தின்பதே 80, 90 கிராம். நொய்யிலும் சோற்றிலும் அதுகூடக் கிடையாது. தீனியில் கிடைக்காததை எலும்பிலிருந்து எடுத்துத்தான் இத்தனை நாளும் தோடு செய்துகொண்டிருந்தது.

கிளிஞ்சல் வாங்குங்கள். சுண்ணாம்புக் காளவாய் பக்கத்திலும் கோழித்தீவனக் கடையிலும் கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பு அல்ல, சுடாத கிளிஞ்சல். சுட்டது வாயையும் குடலையும் வேக வைத்துவிடும். பச்சரிசி நொய் அளவுக்கு இடியுங்கள். மாவாக்கினால் சீக்கிரம் கரைந்து கழிந்துவிடும். நொய்யாக இருந்தால் இரையை அரைக்கும் கற்குடலில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். தோடு உருவாவது பெரும்பாலும் இரவில், ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதனால் மாலை மூன்று நான்கு மணிக்குக் கிளிஞ்சல் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு முட்டை ஓட்டையும் போடலாம், 10 நிமிடம் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கி. அடையாளம் தெரிந்தால் சொந்த முட்டையையே கொத்தத் தொடங்கும்.

தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு கால்சியம் ஆகாது, சிறுநீரகம் கெடும். கிண்ணத்தைக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில், கோழி ஏறி நிற்கும் கழிக்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள்.